கிளைசின் மீடியாவில் செலினைட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வளர்ச்சி: எங்கே கோளாறு?

கோத்தகிரி_மாணவி

வணக்கம். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றில் இருக்கும் கோபர் கேஸ் கலனின் வெளிக்குழம்பை விதையாக எடுத்து, கிளைசினில் வளரும் காற்றில்லா பாக்டீரியாக்களைச் செறிவூட்டிக்கொண்டிருக்கிறேன். பார்க்க வேண்டியது கிளைசினை ஒடுக்கும் நொதியான கிளைசின் ரிடக்டேஸ். அதில் செலினியம் கொண்ட அமினோ அமிலமான செலினோசிஸ்டீன் இருப்பதால், செலினியம் தரும் உப்பான செலினைட் போடாத பாட்டிலில் வளர்ச்சி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. இரண்டிலும் கலங்கல் ஒரே அளவு.

மீடியா, லிட்டருக்கு: கிளைசின் 3 கிராம், அலனைன் 1.8 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 2 கிராம், டைபொட்டாசியம் பாஸ்பேட் 1 கிராம், அம்மோனியம் குளோரைடு 0.5 கிராம், மெக்னீசியம் குளோரைடு 0.2 கிராம், கால்சியம் குளோரைடு 0.05 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.5 கிராம், சிஸ்டீன் ஹைட்ரோகுளோரைடு 0.5 கிராம், ரெசாசுரின் (ஆக்சிஜன் இருந்தால் சிவக்கும் சாயம்) 1 மி.கி., நுண்தாதுக் கரைசல் 1 மி.லி. செலினைட் போடும் பாட்டிலில் 1 மைக்ரோமோலார். கொதிக்கவைத்து நைட்ரஜன் ஊதி, 125 மி.லி. சீரம் பாட்டிலில் 50 மி.லி. ஊற்றி, அடைத்து, 15 பவுண்டு அழுத்தத்தில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ். விதை 10 சதவீதம். இன்குபேட்டர் 34 டிகிரி.

இன்னும் இரண்டு தொல்லை. ஆட்டோகிளேவிலிருந்து எடுத்தபின்னும் சில பாட்டில்கள் இளஞ்சிவப்பாகவே நிற்கின்றன. ஊட்டி ஆய்வகத்தில் நிறமில்லாமல் நன்றாக இருந்த பாட்டில்களைக் கோவைக்குக் கொண்டுபோனால், அங்கே ஊசி குத்தியதும் சிவக்கின்றன.

பைக்காரா

முதல் கேள்விக்கான பதில் உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. 2 கிராம் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், 10 சதவீத விதை. இந்த இரண்டும் இருக்கும்வரை "செலினியம் இல்லாத பாட்டில்" என்று ஒன்று உங்களிடம் கிடையாது.

இந்த பாக்டீரியாக்களுக்குச் செலினியம் மிகக் கொஞ்சம் போதும். பொதுவாகப் புழங்கும் செலினைட்-டங்ஸ்டேட் கரைசலில் லிட்டருக்கு 3 மி.கி. சோடியம் செலினைட் பென்டாஹைட்ரேட் இருக்கும். அதில் 1 மி.லி.தான் ஒரு லிட்டர் மீடியாவுக்குப் போகிறது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 11 நானோமோலார். அதிலேயே எத்தனையோ காற்றில்லா உயிரிகள் வளர்ந்துவிடுகின்றன. ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டும் சாணக் குழம்பும் தாமாகவே கொண்டுவரும் செலினியத்தோடு ஒப்பிட்டால், நீங்கள் சேர்க்காமல் விட்டது ஒரு பொருட்டே இல்லை. சிஸ்டீன், சோடியம் சல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்களிலும் செலினியம் கலப்படமாக ஒட்டிக்கொண்டு வரும். கந்தகமும் செலினியமும் ஒரே குடும்பம், முழுதாகப் பிரிப்பது கடினம். ஆகவே உயர்தரச் சிஸ்டீன் வாங்குங்கள், சல்ஃபைடு வேண்டாம்.

செய்ய வேண்டியது:

ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டை 0.2 கிராமுக்குக் குறையுங்கள், வைட்டமின் கரைசலை 1 மி.லி. சேர்த்துக்கொள்ளுங்கள். வளர்ச்சி நிலைத்தபின் அந்த 0.2-ஐயும் எடுத்துவிட்டு, தேவைப்படும் அமினோ அமிலங்களைத் தூய பொருளாகக் கொடுங்கள். கண்ணாடிப் பாத்திரங்களை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, வடிநீரில் பலமுறை அலசுங்கள். விதையை 1 சதவீதமாக்கி, செலினைட் இல்லாத மீடியாவிலேயே மூன்று முறை அடுத்தடுத்து மாற்றுங்கள். மூன்றாவது மாற்றத்தில் பழைய செலினியம் பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். முதல் மாற்றத்தில் வித்தியாசம் தெரியாது, அதைப் பார்த்து மனம் விடாதீர்கள். செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் செலினோபுரதம் சில பெருக்கங்களுக்குத் தாங்கும். பெரும்பாலும் இரண்டாவதிலோ மூன்றாவதிலோதான் சரியும்.

செலினைட் ஸ்டாக்: பென்டாஹைட்ரேட் என்றால் 263 மி.கி.யை 100 மி.லி.யில் கரைத்தால் 10 மில்லிமோலார். நீரற்ற உப்பு என்றால் 173 மி.கி. டப்பாவில் எது என்று படித்துப் பார்க்காமல் எடுத்தால் ஒன்றரை மடங்கு தவறும். இதைப் பத்து மடங்கு நீர்த்து, மீடியா லிட்டருக்கு 1 மி.லி. விட்டால் 1 மைக்ரோமோலார். ஆட்டோகிளேவ் செய்த மீடியா ஆறியபின், வடிகட்டிக் கிருமிநீக்கிய கரைசலாகச் சேருங்கள். சிஸ்டீனோடு சேர்த்துச் சூடாக்கினால் செலினைட் ஒடுக்கமடைந்துவிடும். பாட்டில் அடியில் செங்கல் நிறத்தில் படிவு தெரிந்தால் அது தனிமச் செலினியம். மைக்ரோமோலாருக்குப் பதில் மில்லிமோலார் போய்விட்டது என்று அர்த்தம். அந்தப் பாட்டிலைத் தள்ளுங்கள்.

குன்னூர்_நீராவி

ஆட்டோகிளேவ் பற்றி யாரும் சொல்லவில்லையே. 15 பவுண்டு, 15 நிமிடம் என்பது கடல்மட்டக் கணக்கு.

ஆட்டோகிளேவ் முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்பதைத்தான். சென்னையில் வெளிக்காற்று 14.7, முள் 15, ஆக மொத்தம் 29.7 பவுண்டு, நீராவி 121 டிகிரி. ஊட்டி 2240 மீட்டர். அங்கே வெளிக்காற்று 11 பவுண்டுக்குச் சற்று மேலே. முள் 15 என்றாலும் மொத்தம் 26 சொச்சம்தான், நீராவி 117 டிகிரியைத் தாண்டாது. 4 டிகிரிதானே என்று விடாதீர்கள். ஸ்போர் சாகும் வேகம் 10 டிகிரிக்குப் பத்து மடங்கு மாறும். 121-ல் 15 நிமிடம் செய்யும் வேலைக்கு 117-ல் ஏறக்குறைய 40 நிமிடம் வேண்டும். சாணக் குழம்பு என்றால் அது முழுக்க கிளாஸ்ட்ரிடியம் ஸ்போர். விதை போடாத கட்டுப்பாட்டுப் பாட்டிலும் கலங்கினால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

வழி இரண்டு. உங்கள் கருவி அனுமதித்தால் முள்ளை 18 முதல் 19 வரை கொண்டுபோங்கள். பாதுகாப்பு வால்வு அதற்குக் கீழே திறந்துகொள்ளும் கருவி என்றால் அழுத்தத்தைத் தொடவே வேண்டாம், நேரத்தைக் கூட்டுங்கள். எடை வைக்கும் குக்கர் வகையில் எடைமேல் எதையாவது ஏற்றி வைப்பது உயிருக்கு ஆபத்து. தொடக்கத்தில் காற்றை முழுதாக வெளியேற்றாமல் மூடினாலும் முள் ஏறும், வெப்பம் ஏறாது. மலையில் இந்தத் தவறு இரட்டிப்பாக அடிக்கும். வால்விலிருந்து நேராக, இடைவிடாமல் ஆவி சீறும்வரை பொறுத்து அப்புறம் மூடுங்கள். கருவிக்குள் வெப்ப உணர்வி இருந்தால் முள்ளை மறந்துவிட்டு அதையே பாருங்கள்.

அடைத்த பாட்டிலை ஆட்டோகிளேவிலிருந்து சூட்டோடு எடுக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருக்கும்போது வெளியே திடீரென்று இறக்கினால் அடைப்பான் துப்பிவிடும். முள் சுழிக்கு வந்து, 80 டிகிரிக்குக் கீழே ஆறியபின் திறவுங்கள்.

கோவை_கெமிஸ்ட்

கோவைல சிவக்குறதுக்குக் காரணம் நேரடியான கணக்குதானுங்க. பாட்டிலை ஊட்டிக் காற்றழுத்தத்துல அடைக்கிறீங்க, அது சுமார் 780 மில்லிபார். கோவைல 965 பக்கம். கீழே வந்தா உள்ளே குறைவு, வெளியே அதிகம். வெயில்ல பாட்டில் சூடாகி உள்ளழுத்தம் கொஞ்சம் ஏறும், அதைக் கழிச்சாலும் 140 மில்லிபாருக்கு மேல வித்தியாசம் நிக்கும். ஊசி குத்துன நொடியில அந்த 70 மி.லி. வெற்றிடத்துக்குள்ள சுமார் 10 மி.லி. காத்து உறிஞ்சிக்கும். அதுல ஆக்சிஜன் 2 மி.லி., ஏறக்குறைய 80 மைக்ரோமோல்.

எதிர்ப்பக்கம் என்ன இருக்கு? லிட்டருக்கு 0.5 கிராம் சிஸ்டீன்னா 50 மி.லி.யில 140 மைக்ரோமோல். ஒரு ஆக்சிஜனுக்கு நாலு சிஸ்டீன் செலவாகும். அப்ப மொத்தத் தாங்குதிறனே 35 மைக்ரோமோல்தான். எப்படித் தாங்கும்?

அதனால ஊட்டியிலேயே அடைச்சபிறகு, கிருமிநீக்கின வடிகட்டி வழியா நைட்ரஜனை அரை பார் கூடுதலா ஏத்தி அனுப்புங்க. குத்துறதுக்கு முன்னால சிரிஞ்சை நைட்ரஜன்ல மூணு தடவை கழுவிக்குங்க. குத்துனதும் பிஸ்டன் தானா பின்னால நகர்ந்தா பாட்டில் சரி, உள்ளே இழுத்தா அந்தப் பாட்டிலை நம்பாதீங்க.

இளஞ்சிவப்பாவே நிக்குற பாட்டிலுக்கு ரெண்டு காரணம் பாருங்க. அடைப்பான் என்ன ரப்பர்? மருந்துப் புட்டி அடைப்பானோ சிலிக்கோனோ ஆக்சிஜனை விட்டுக்கிட்டே இருக்கும். தடிமனான ப்யூட்டைல் ரப்பர்தான் வேணும். அடுத்தது, பைகார்பனேட் மீடியாவுல வெறும் நைட்ரஜன் ஊதுறீங்க. கார்பன் டை ஆக்சைடு பறந்து பி.எச். 8-ஐத் தாண்டி ஏறும், பாஸ்பேட்டோட மெக்னீசியமும் கால்சியமும் வெள்ளையாப் படியும். 80 நைட்ரஜன் 20 கார்பன் டை ஆக்சைடு கலவைக்கு மாறுங்க, பி.எச். 7.2 கிட்ட நிக்கும். பைகார்பனேட்டை ஆட்டோகிளேவுக்கு அப்புறம் தனியாச் சேர்க்குறது இன்னும் நல்லது.

ரெசாசுரின் நீலத்துல இருந்து சிவப்பானது திரும்பாத மாற்றம். சிவப்புல இருந்து நிறமில்லாம போறதுதான் நமக்கு வேண்டியது, அது மைனஸ் 110 மில்லிவோல்ட் கிட்ட நடக்கும். நீலம் போயிடுச்சுன்னு நிம்மதியாகிடாதீங்க.

கோத்தகிரி_மாணவி

நன்றி சார், நன்றி அண்ணா. அடைப்பான் மருந்துப் புட்டி வகைதான். மாற்றிவிடுகிறேன். சிலிண்டர் கலவை வாயு கோவையிலிருந்து மலையேறி வர நாளாகிறது. அதுவரை மெழுகுவத்தி ஜாடியில் ஏதாவது செய்ய முடியுமா?

பைக்காரா

முடியாது. மெழுகுவத்தி அணையும்போதும் ஜாடிக்குள் ஆக்சிஜனில் பெரும்பங்கு அப்படியே இருக்கும். கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கூடுமே தவிர காற்றில்லா நிலை வராது. தட்டு வளர்ப்புக்கு என்றால் ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலம் போட்ட ஜாடி போதும். திரவ மீடியாவுக்குச் சிலிண்டர் வரட்டும். வந்ததும் வாயுவை நேராக ஊதாதீர்கள், அதிலும் சுவடளவு ஆக்சிஜன் உண்டு. 350 டிகிரியில் சூடாக்கிய செம்புத் துருவல் குழாய் வழியாக விடுங்கள். செம்பு கறுத்தால் ஹைட்ரஜன் கலந்த வாயுவை விட்டு மறுபடி சிவக்கவையுங்கள்.

லவ்டேல்

எல்லோரும் மீடியாவையே நோண்டுகிறீர்கள். செலினியம் இல்லாமலே கிளைசின் தீர்ந்துபோக வேறு வழி இருக்கிறதே. சாணக் குழம்பில் மெத்தனோஜன்கள் இருக்கின்றன. கிளைசின் பிளவு அமைப்பு, அதாவது டிகார்பாக்சிலேஸ் வழி, கிளைசினை ஆக்சிஜனேற்றம் செய்து கார்பன் டை ஆக்சைடு, அம்மோனியா, மெத்திலீன் டெட்ராஹைட்ரோஃபோலேட் என்று பிரித்துவிடும். வரும் எலக்ட்ரான்கள் ஹைட்ரஜனாகவோ ஃபார்மேட்டாகவோ போய், மெத்தனோஜன் அதை மீத்தேனாக்கிவிட்டால் கிளைசின் ரிடக்டேஸுக்கு வேலையே இல்லை. அந்தக் கூட்டில் செலினைட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. தவிர, செலினோசிஸ்டீனுக்குப் பதில் சாதாரணச் சிஸ்டீன் வைத்த வடிவமும் இருக்கலாம்.

பைக்காரா

முதல் பாதி சரியான கேள்வி. இரண்டாவது பாதியைப் பிறகு பார்ப்போம்.

எந்த வழி ஓடுகிறது என்பதை அசெடேட்டும் அம்மோனியாவும் சொல்லிவிடும். ஓர் அமினோ அமிலத்தை ஆக்சிஜனேற்றி இன்னொன்றை ஒடுக்கும் ஸ்டிக்லேண்ட் வினை முழுதாக ஓடினால் ஓர் அலனைனும் இரண்டு கிளைசினும் சேர்ந்து மூன்று அசெடேட், மூன்று அம்மோனியா, ஒரு கார்பன் டை ஆக்சைடு. ஒன்றுக்கு ஒன்று. கிளைசினை மட்டும் கொடுத்து, ஒரே உயிரி ஒரு பங்கை ஆக்சிஜனேற்றி மூன்று பங்கை ஒடுக்கினால், நான்கு கிளைசினுக்கு மூன்று அசெடேட், நான்கு அம்மோனியா, இரண்டு கார்பன் டை ஆக்சைடு. விகிதம் 0.75. யூபாக்டீரியம் அசிடமினோஃபிலம் என்று படித்திருப்பீர்கள், இப்போது பெப்டோகிளாஸ்ட்ரிடியம் என்கிறார்கள், அது இப்படித்தான் கிளைசினில் தனியாகவே வாழும். லவ்டேல் சொல்லும் கூட்டணி ஓடினால் அசெடேட் அதற்கும் கீழே இறங்கும், தலைவெளியில் மீத்தேன் ஏறும்.

ஆகவே ஒரு வரிசைப் பாட்டிலில் 2-புரோமோஈதேன்சல்ஃபோனேட் 10 மில்லிமோலார் சேருங்கள், சோடியம் உப்பு லிட்டருக்கு 2.1 கிராம். மெத்தனோஜன்கள் நின்றுவிடும். அதன்பிறகும் செலினைட் வித்தியாசம் காட்டாவிட்டால்தான் வேறு காரணம் தேட வேண்டும். ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டிலும் அமினோ அமிலங்கள் உண்டு. அதுவும் அம்மோனியா தரும். 2 கிராம் வைத்துக்கொண்டு விகிதம் பார்த்தால் பொய்க்கணக்கு வரும்.

இன்னொரு குழப்பம்: கிளாஸ்ட்ரிடியங்களின் ஃபார்மேட் டிஹைட்ரோஜனேஸிலும் செலினோசிஸ்டீன் இருக்கலாம், கூடவே டங்ஸ்டனோ மாலிப்டினமோ. செலினியம் இல்லாமல் வளர்ச்சி விழுந்தால் அது கிளைசின் ரிடக்டேஸால்தான் என்று உடனே எழுதிவிடக் கூடாது. நொதியை அளந்தே ஆக வேண்டும்.

இப்போது சிஸ்டீன் வடிவம். ப்ரோலின் ரிடக்டேஸில் அப்படிப்பட்டவை உண்டு. கிளைசின் ரிடக்டேஸின் புரதம் ஏ-யில் செலினோசிஸ்டீன் இல்லாததைக் காண்பது அரிது. வேதியியலைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

கிளைசின் ரிடக்டேஸ் மூன்று புரதக் கூட்டு. புரதம் பி-யில் பைருவாயில் தொகுதி இருக்கிறது. கிளைசினின் அமினோ முனை அதில் ஷிஃப் காரமாக ஒட்டிக்கொள்ளும். அங்கே கிளைசினின் மீத்திலீன் கார்பனைப் புரதம் ஏ-யின் செலினியம் தாக்கிப் பிடித்துக்கொள்கிறது, அம்மோனியா கழன்றுவிடுகிறது. இப்போது புரதம் ஏ-யில் தொங்குவது கார்பாக்சிமெத்தில் செலினோஈதர். அது புரதம் சி-க்குப் போகும்போது, ஏ-யில் இரண்டு அமினோ அமில இடைவெளிக்கு அப்பால் இருக்கும் சிஸ்டீனின் கந்தகம் செலினியத்தோடு இணைப்புப் போடுகிறது, அசெடைல் தொகுதி சி-யில் தயோஎஸ்டராக இறங்குகிறது. பாஸ்பேட் அதைப் பிளந்தால் அசெடைல் பாஸ்பேட். அசெடேட் கைனேஸ் அதிலிருந்து ஏடிபி எடுத்துக்கொள்ளும். செலினியம்-கந்தக இணைப்பை தயோரெடாக்சின் மறுபடி அவிழ்த்துவிடும், அடுத்த சுற்று.

செலினாலின் பி.கே.ஏ. 5.2 பக்கம், சிஸ்டீன் தயாலுக்கு 8.3 பக்கம். செல்லுக்குள் இருக்கும் பி.எச்.சில் செலினியம் ஏறக்குறைய முழுதும் அயனியாக, தாக்கத் தயாராக நிற்கும். கந்தகத்தில் பெரும்பங்கு ஹைட்ரஜனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கார்பன்-நைட்ரஜன் பிணைப்பை அறுக்கும் இந்த இடத்தில் அந்த வித்தியாசம்தான் வேலை செய்கிறது.

இது கண்டுபிடிக்கப்பட்டதே உங்கள் பிரச்சினை மாதிரி ஒன்றிலிருந்துதான். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் தெரசா ஸ்டாட்மேன் குழு கிளாஸ்ட்ரிடியம் ஸ்டிக்லேண்டியை வளர்த்தபோது, மீடியாவில் செலினைட் சேர்த்தால் புரதம் ஏ ஏறுவதைப் பார்த்தது. 1973-ல் அதைச் செலினோபுரதம் என்று காட்டினார்கள், 1976-ல் அந்தச் செலினியம் செலினோசிஸ்டீனாக இருப்பதை நிறுவினார்கள்.

கொடை_ஏரிக்கரை

மரபணு வரிசை எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. செலினோசிஸ்டீனுக்கான குறியீடு யுஜிஏ. வழக்கமான அடையாளமிடும் மென்பொருள்கள் அதை முற்றுப்புள்ளியாகப் படித்து மரபணுவை அங்கேயே வெட்டிவிடும். புரதம் ஏ-க்கான ஜிஆர்டி-ஏ மரபணு தொடக்கத்துக்கு அருகிலேயே வெட்டுப்பட்டு, மிச்சம் வேறொரு பெயரில்லாப் புரதமாகப் பட்டியலில் கிடக்கும், அல்லது காணாமலே போகும். "கிளைசின் ரிடக்டேஸ் இல்லை" என்று பல பேர் முடிவு கட்டுவது இப்படித்தான்.

தெரிந்த ஸ்டிக்லேண்டி அல்லது கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் புரத வரிசையை எடுத்து, உங்கள் கான்டிக்குகளை (கோத்துச் சேர்த்த டிஎன்ஏ துண்டுகளை) ஆறு சட்டத்திலும் மொழிபெயர்த்துத் தேடுங்கள். தேடலில் செலினோசிஸ்டீன் இடத்தில் நட்சத்திரக் குறி வந்து, அதன் இரண்டு பக்கமும் வரிசை ஒத்துப்போனால் அது செலினோபுரதம். உறுதிப்படுத்த, யுஜிஏவுக்கு உடனே பின்னால் ஆர்என்ஏ கொண்டை மடிப்பு இருக்கிறதா பாருங்கள். பாக்டீரியாவில் அது மரபணுவுக்குள்ளேயே, குறியீட்டை ஒட்டியே இருக்கும். கூடவே செலினோசிஸ்டீனைப் புரதத்தில் சேர்க்கத் தேவையான செல்-ஏ, செல்-பி, செல்-சி, செல்-டி மரபணுக்கள் நான்கும் ஜீனோமில் இருக்க வேண்டும். செல்-சி என்பது டிஆர்என்ஏ. அதையும் பழைய மென்பொருள்கள் தவறவிடும். நான்கில் ஒன்று குறைந்தால் கான்டிக் உடைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கிளைசின் ரிடக்டேஸுக்கு ஜிஆர்டி-ஏ, பி, சி, டி, இ. ஏ-யிலும் பி-யிலும் செலினோசிஸ்டீன். ப்ரோலின் ரிடக்டேஸில் பிஆர்டி-பி-யில் செலினோசிஸ்டீன், பிஆர்டி-ஏ வெட்டுப்பட்டு அதில் பைருவாயில் உண்டாகும். சார்கோசினுக்கும் பீட்டைனுக்கும் ரிடக்டேஸ்கள் புரதம் ஏ, சி இரண்டையும் கிளைசினோடு பகிர்ந்துகொள்கின்றன, பி மட்டும் வேறு. அதனால் ஜிஆர்டி-பி பிரதிகள் இரண்டு மூன்று தென்பட்டால் அசெம்பிளி தவறு என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள்.

கோத்தகிரி_மாணவி

எங்களிடம் கதிரியக்கச் செலினியம் பயன்படுத்த அனுமதி கிடையாது. எச்.பி.எல்.சி.யும் கோவையில்தான். மலையிலேயே நொதியை அளக்க எளிய முறை ஏதாவது சொல்லுங்கள்.

கோவை_கெமிஸ்ட்

அப்படின்னா கிளைசினை விட ப்ரோலின் ரிடக்டேஸ் உங்களுக்குத் தோதுங்க. டிஎல்சி (மென்படல நிறப்பகுப்பு) தட்டும் நின்ஹைட்ரினும் போதும்.

ப்ரோலின் நின்ஹைட்ரினோட மஞ்சளாகும். அது ஒடுங்குனா வர்ற 5-அமினோவேலரேட் ஊதாவாகும். பார்த்தாலே தெரியும். லிட்டருக்கு 4.6 கிராம் எல்-ப்ரோலின் போட்டு, அதாவது 40 மில்லிமோலார், தனி மீடியாவுல வளருங்க. விலை கூடுன டி-ப்ரோலின் வேண்டியதில்லை, செல்லுக்குள்ள ரேசிமேஸ் மாத்திக்கும். சுத்திகரிச்ச நொதியோட வேலை செய்யும்போதுதான் டி வேணும். கிளைசினையும் ப்ரோலினையும் ஒரே பாட்டில்ல கலக்காதீங்க. டிஃபிசில் மாதிரி உயிரிகள்ல ப்ரோலின் இருந்தா கிளைசின் ரிடக்டேஸ் மரபணுக்கள் அடங்கிடும்.

செல்லை மையவிலக்கி, ஆக்சிஜன் நீக்குன 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர்ல, 2 மில்லிமோலார் டிடிடி (டைதயோதிரைட்டால்ங்கிற ஒடுக்கி) சேர்த்து ரெண்டு முறை கழுவி உடைங்க. எதிர்வினைக்கு ப்ரோலின் 10 மில்லிமோலார், டிடிடி 20 மில்லிமோலார், பி.எச். 8, 37 டிகிரி. டிடிடியே எலக்ட்ரான் குடுத்துடும், அலனைன் சேர்க்க வேண்டாம். சேர்த்தா அதுவும் தட்டுல ஊதாப் புள்ளியா வந்து குழப்பும். சுழி, 30, 60 நிமிஷத்துல கொஞ்சம் எடுத்து, சம அளவு எத்தனால் ஊத்தி நிறுத்தி, படிவை இறக்கிட்டு மேல்நீரை சிலிக்கா தட்டுல 2 மைக்ரோலிட்டர் வைங்க. ஓட்டக் கரைப்பான் ப்யூட்டனால், அசிட்டிக் அமிலம், தண்ணி 4:1:1. 0.2 சதவீத நின்ஹைட்ரின் தெளிச்சு 105 டிகிரியில 5 நிமிஷம். பக்கத்துல 5-அமினோவேலரிக் அமிலம் வாங்கித் தரப்புள்ளி வைக்க மறக்காதீங்க. ப்ரோலின் போடாத சாறும் ஒண்ணு ஓட்டுங்க, சாறுல ஏற்கெனவே இருக்குற அமினோ அமிலம் எதுன்னு தெரியும்.

எண் வேணும்னா ஆர்த்தோ-தாலால்டிஹைடு ஒளிர்வு. அது முதன்மை அமினோடதான் சேரும், ப்ரோலின் ரெண்டாம் நிலை, சேராது. அதனால ஒளிர்றதெல்லாம் விளைபொருள். ஆனா கழுவாத சாறுல எல்லா அமினோ அமிலமும் ஒளிரும், பின்புலத்துல மூழ்கிடுவீங்க. சாறைச் சின்ன ஜெல் வடிகட்டித் தம்பத்துல ஒரு தடவை இறக்கிட்டா சரியாகும்.

லவ்டேல்

கிளைசினுக்கு ஹைட்ராக்சமேட் முறை இருக்கிறதே. ஹைட்ராக்சிலமைன் அசெடைல் பாஸ்பேட்டைப் பிடிக்கும், ஃபெரிக் குளோரைடில் செம்பழுப்பு, 540 நானோமீட்டர். அதைவிட எளிது எது?

பைக்காரா

எளிதுதான், ஹைட்ராக்சிலமைனை எதிர்வினை ஓடும்போதே போடாதவரை. பைருவாயில் தொகுதியை வைத்திருக்கும் நொதியில் ஹைட்ராக்சிலமைன் நேராக அந்தக் கார்பனைலைப் பிடித்து நொதியைச் சாகடிக்கும். அசெடேட் கைனேஸ் அளக்கிற முறையை அப்படியே இங்கே எடுத்துவந்தால் சுழி வரும். நொதி இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

கிளைசின் 20, பாஸ்பேட் 50, டிடிடி 20, மெக்னீசியம் 5 மில்லிமோலார் என்று வைத்து, அடினோசின் ட்ரைபாஸ்பேட், அடினோசின் டைபாஸ்பேட் இரண்டையும் தவிர்த்து ஓட்டுங்கள். டைபாஸ்பேட் இருந்தால் கைனேஸ் அசெடைல் பாஸ்பேட்டைத் தின்றுவிடும். 10 நிமிடத்தில் மாதிரி எடுத்து, நடுநிலையாக்கிய ஹைட்ராக்சிலமைனை அதில் ஊற்றி, 10 நிமிடம் கழித்து ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தில் கரைத்த ஃபெரிக் குளோரைடு. டிடிடியும் இரும்போடு நிறம் காட்டும். கிளைசின் இல்லாத வெற்று மாதிரி ஒவ்வொரு நேரத்துக்கும் வேண்டும். அசெடைல் பாஸ்பேட் தானாகவே சிதையும், 37 டிகிரியில் நீண்ட நேரம் ஓட்டினால் எண் குறைவாக வரும்.

புரதம் ஏ-யைத் தம்பத்தில் பிரிக்கும்போது 280 நானோமீட்டரை மட்டும் பார்த்துப் பின்னங்களைத் தள்ளாதீர்கள். அதில் ட்ரிப்டோபான் கிடையாது, உச்சி தெரியவே தெரியாது. நொதிச் செயலைப் பார்த்துச் சேகரியுங்கள்.

குந்தா_எரிவாயு

விதை பற்றி ஒரு வார்த்தை. ஸ்போர் உயிரிகளை மட்டும் பிடிக்கலாம் என்று குழம்பை 80 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்குகிற வழக்கம் உண்டு. இங்கே வேண்டாம். பெப்டோகிளாஸ்ட்ரிடியம் அசிடமினோஃபிலம் ஸ்போர் விடாது, சூட்டில் போய்விடும்.

குளிர்காலத்தில் இங்கே கலனுக்குள் 15 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும், வாயு சுருங்கும், உள்ளே வாழ்பவை வேறு. அந்தக் குழம்பை நேராக 34-ல் வைத்தால் குளிருக்குப் பழகியவை பின்தங்கி, வெப்பத்துக்கு ஏற்றவை முந்தும். 20 டிகிரியில் ஒரு வரிசை இணையாக வையுங்கள், இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டியிருக்கும். குழம்பைக் கலனின் வெளித்தொட்டி மேற்பரப்பில் அள்ளாதீர்கள். குழாய் வாயிலேயே, பாட்டிலை விளிம்புவரை நிரப்பி, காற்றுக் குமிழ் இல்லாமல் மூடி எடுங்கள். உள்ளே வாயு ஊறும், மூடியை அன்றே ஒருமுறை தளர்த்தி விடாவிட்டால் வீங்கித் தெறிக்கும்.

கோத்தகிரி_மாணவி

சாணக் குழம்புக்குப் பதில் சாண்டிநல்லா போன்ற சதுப்பு மண்ணை விதையாக எடுத்தால் செலினியம் குறைவாக இருக்குமா? மலை மண் அமிலத்தன்மை என்பதால் கேட்கிறேன்.

கொடை_ஏரிக்கரை

மண்ணில் எவ்வளவு செலினியம் இருக்கிறது என்பது வேறு, பாக்டீரியாவுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது வேறு. நம் மலைச் செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு அதிகம், பி.எச். குறைவு. அந்த நிலையில் செலினைட் இரும்பு ஆக்சைடில் இறுகப் பிடித்துக்கொள்ளும். பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் செலினியம் மிகுந்த மண் காரமானது, அங்கே அது செலினேட்டாகப் பயிருக்குள் ஏறி மாட்டுக்கு நஞ்சாகிறது. இங்கே நிலைமை நேர் எதிர். ஆனால் சதுப்பின் அடியில் காற்றில்லாமல் இரும்பு ஒடுங்கிக் கரையும்போது, பிடித்து வைத்ததில் ஒரு பங்கு விடுபடும். அதனால் "சதுப்பு மண் என்றால் செலினியம் இல்லை" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அளந்துதான் பார்க்க வேண்டும்.

நடைமுறையில் சதுப்பு உங்களுக்கு உதவாது. அங்கே அமினோ அமிலம் குறைவு, பி.எச். 5 சுற்றி. உங்கள் மீடியா 7.2, பாதி உயிரிகள் மீடியாவைப் பார்த்ததுமே நின்றுவிடும். காப்புக்காட்டுக்குள் என்றால் வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். தோடர் மந்து (குடியிருப்பு) ஒன்றை ஒட்டிய சதுப்பு என்றால் தோடர் பெரியவர்களையும் கேட்காமல் கால் வைக்காதீர்கள்.

கோத்தகிரி_மாணவி

புரிந்தது. சாணக் குழம்போடே தொடர்கிறேன். கடைசியாக, மீடியாவில் உண்மையில் எவ்வளவு செலினியம் இருக்கிறது என்று எதில் அளப்பது? சாதாரணச் சுடர் அணு உறிஞ்சல் கருவி எங்கள் துறையில் இருக்கிறது.

கோவை_கெமிஸ்ட்

சுடர் போதாதுங்க. 1 மைக்ரோமோலார்னா லிட்டருக்கு 79 மைக்ரோகிராம், நீங்க தேடுற கலப்பட அளவு அதுலயும் நூத்துல ஒரு பங்கு. ஹைட்ரைடு உண்டாக்கி இணைச்ச அணு உறிஞ்சல், இல்லன்னா ஐசிபி-எம்எஸ் வேணும். ஹைட்ரைடு முறை செலினைட்டை மட்டும்தான் பார்க்கும். மாதிரியை நைட்ரிக் அமிலத்துல செரிச்சதும் செலினியத்துல ஒரு பங்கு செலினேட்டா மாறியிருக்கலாம். 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல 90 டிகிரி பக்கம் அரை மணி நேரம் வைச்சுத் திரும்ப செலினைட்டாக்கிட்டுத்தான் ஓட்டணும். ஊட்டியில தண்ணியே 92, 93-ல கொதிக்கும், அதனால தண்ணித் தொட்டி கொதிக்கட்டும்னு விட்டாலே போதும், ஆனா குழாயை லேசா மூடி வைங்க, அமிலம் ஆவியாப் போனா செறிவு இறங்கிடும்.

10 மில்லிமோலார் ஸ்டாக் நஞ்சு. எடை போடுறதை ஆவிப்பெட்டிக்குள்ள, கையுறை போட்டுச் செய்யுங்க. மிச்சத்தைத் தொட்டியில ஊத்தாதீங்க, தனிப் புட்டியில சேர்த்து வைச்சு கழிவு எடுக்குறவங்ககிட்ட குடுங்க. ஸ்டாக்கோட அமிலமும் துத்தநாகம் மாதிரி உலோகமும் சேர்ந்தா ஹைட்ரஜன் செலினைடு கிளம்பும், அதனால கழிவுப் புட்டியில வேற எதையும் கலக்காதீங்க. செலினைட் அதிகமாப் போட்ட வளர்ப்புல பூண்டு வாசம் வந்தா மெத்திலேற்றம் அடைஞ்ச செலினியம்னு வைச்சுக்குங்க, பாட்டிலை மோந்து பார்க்க வேண்டாம்.

பைக்காரா

பீட்டைன் பாட்டிலும் ஒன்று வைக்கப் போகிறீர்கள் என்றால் லிட்டருக்கு 4.7 கிராம் போடுங்கள். ஹைட்ரோகுளோரைடு உப்பு என்றால் 6.1 கிராம், பி.எச்.சைத் திருத்திக்கொள்ளுங்கள். பீட்டைன் ரிடக்டேஸ் ஓடினால் ட்ரைமெத்திலமைன் வரும். 1 மி.லி.யை ஆவிப்பெட்டிக்குள் எடுத்து இரண்டு துளி சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் கருவாட்டு நாற்றம் தெரிந்துவிடும். இந்தப் பாட்டிலிலும் புரோமோஈதேன்சல்ஃபோனேட் கட்டாயம். இல்லாவிட்டால் மெத்தில் தின்னும் மெத்தனோஜன்கள் ட்ரைமெத்திலமைனை மீத்தேனாக்கிவிடும், நாற்றமும் வராது.